சிமெண்ட் குதிரையா, மண் குதிரையா? எங்கள் ஊர் அய்யனார் கோயில் பஞ்சாயத்து

கண்மாய்க்கரை | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே என் சித்தப்பா போன் செய்துவிடுவார். நான் பதினாறு வருடமாகத் திருப்பூரில். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக நடக்கும் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன்.

எங்கள் கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புரவி எடுப்பு, அதாவது புதுக் குதிரைச் சிலை செய்து தோளில் சுமந்துபோய்ச் சாமிக்குக் கொடுப்பது, நடக்க வேண்டும். கடைசியாக எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் முதல் மரியாதைத் தகராறு, அப்புறம் கொரோனா, அப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு காரணம். இப்போதுதான் ஊர் ஒன்றுகூடி எடுப்பது என்று பேச்சு வந்திருக்கிறது.

பழைய புரவிகள் கிடக்கும் கிடையைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றுக்குத் தலை இல்லை. ஒன்று முன்காலை இழந்து மண்டிபோட்டிருக்கிறது. இன்னொன்றின் வயிற்றுக்குள் வேப்பங்கன்று முளைத்து முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. பொங்கலுக்குப் போனபோது என் மகள், "சாமி குதிரையை ஏன்ப்பா யாரும் ஒட்ட வைக்கல?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இளைஞர் மன்றம் சொல்வது: சிமெண்டில் பத்தடிக் குதிரை இரண்டு, எனாமல் பெயிண்ட், மூன்று லட்சத்தோடு வேலை முடிந்தது. உடைந்துபோகிற பொருளுக்கு எதற்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வரி போடுவது? பெரியவர்கள் சொல்வது: மண்தான் வழக்கம். ஏன் என்று கேட்டால், "வழக்கம்னா வழக்கம்தான்."

என் பங்கு பத்தாயிரம். எந்தப் பக்கம் கொடுப்பது?

மொட்டைக்கடுதாசி | செவ்வாய், இரவு 10.58

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். சிமெண்டுக்குப் போடுங்கள் சார்.

ஓலைப்பெட்டி | செவ்வாய், இரவு 11.15

அது குதிரை இல்லை, 'குதிர்', ஆற்றில் தெரியும் மணல்மேடு என்று சொல்வார்கள். எதுவானாலும் அய்யனார் புரவியில் ஏறி யாரும் ஆற்றில் இறங்கப்போவதில்லை. அது அவர் ராத்திரி காவல் சுற்ற.

பில்லர்மணி | புதன், காலை 7.20

நான் சைட் இன்ஜினியர். மத விஷயத்தில் கருத்து சொல்லவில்லை, பொருளைப் பற்றி மட்டும். சிமெண்ட் குதிரை நிரந்தரம் என்று யார் சொன்னது?

அந்தக் காலுக்குள் கம்பி இருக்கும். சிலை செய்கிறவர்கள் கம்பிக்கு மேல் விடும் சிமெண்ட் கவரிங் அரை அங்குலம் இருந்தால் அதிகம். கண்மாய்க் கரை ஈரம் வேறு. தண்ணீர் உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பி வெளிப்பூச்சைத் தள்ளிவிடும். இருபது, முப்பது வருடத்தில் துருப்பிடித்த கம்பி துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு குதிரை உங்களிடம் இருக்கும். உடைந்த மண் குதிரையில் ஒரு அழகாவது இருக்கிறது. கம்பி தெரியும் குதிரையைப் பார்த்திருக்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டு பின்புறம் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. சுட்ட மண் அழியும் பொருள் என்பதே தப்பு. கீழடி உங்கள் மாவட்டம்தானே? அங்கே பொறுக்கி எடுத்த பானை ஓடு 2,600 வருடத்துக் கணக்குப் பேசுகிறது. ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாக எடுத்தார்கள். சிமெண்டுக்கு அந்த வயது யாரும் இன்னும் பார்த்ததில்லை. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான்.

மொட்டைக்கடுதாசி | புதன், காலை 7.31

ஓடு இருக்கும். குதிரை இருக்காதே சார்.

பில்லர்மணி | புதன், காலை 7.40

அதுவும் சரிதான்.

சூளைவீட்டுப் பையன் | புதன், இரவு 9.05

எழுதலாமா வேண்டாமா என்று பகலெல்லாம் யோசித்தேன். நான் வேளார் வீட்டுப் பிள்ளை, மண்பாண்டம் செய்கிற குடும்பம், புதுக்கோட்டைப் பக்கம். இப்போது கோவையில் லேத் ஓட்டுகிறேன். அப்பா இன்னும் புரவி செய்கிறார்.

இங்கே எல்லோரும் குதிரை நின்ற பிறகு என்ன ஆகும் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலையெல்லாம் அதற்கு முன்னால் முடிந்துவிடும்.

முதலில் பிடிமண். ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலத்தோடு வந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து அப்பா கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வேலை தொடங்காது, எவ்வளவு பணம் அனுப்பினாலும். வாங்கிய நாளிலிருந்து அப்பா விரதம். அம்மாவுக்கும் வேலை இரண்டு மடங்கு, அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் போட்டு மிதிக்க வேண்டும். காலில் சின்னக் கல் தட்டுப்பட்டாலும் பொறுக்கிப் போட வேண்டும். நாலு காலையும் முதலில் எழுப்புவது. உள்ளே கூடு, குழாய் மாதிரி. கால் இறுகிய பிறகுதான் வயிறு. அவசரப்பட்டு ஈரக்காலில் வயிற்றை ஏற்றினால் குதிரை அப்படியே உட்கார்ந்துவிடும். கொஞ்சம் ஏற்றுவது, காயவிடுவது, ஈரத்துணி போட்டு மூடுவது, மறுநாள் மறுபடி. உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிசாக்குவார். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கிப் பழகினேன். கழுத்தும் தலையும் தனி. முழுக்கக் காய்வதற்குள் ஒரு கோடைமழை வந்தால் போச்சு. காயாததைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். வைக்கோல், வரட்டி, விறகு எல்லாம் அடுக்கி மேலே மண் பூசித் தீ வைத்த ராத்திரி அப்பா யாரிடமும் பேச மாட்டார்.

கண்மாய்க்கரை அண்ணன் மகள் கேட்டதற்கு அப்பா சொல்லும் பதில் ஒன்று உண்டு. நானும் சின்ன வயதில் அதையேதான் கேட்டேன். "குடுத்தாச்சுப்பா. குடுத்ததைப் போய்த் தொட்டு ஒட்டுப் போட்டா, திருப்பி வாங்குன மாதிரி ஆயிடும்." கண் திறந்து, தோளில் ஏற்றிக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்திய நிமிஷத்தோடு அது எங்களுடையது இல்லை, ஊருடையதும் இல்லை. வெயிலும் மழையும் எடுத்துக்கொண்டால் யார் எடுத்துக்கொள்ள வேண்டுமோ அவர் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

கோலப்பொடி | புதன், இரவு 9.48

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 'அம்மாவுக்கு இரண்டு மடங்கு' என்ற வரியைப் படித்து இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டேன்.

அழிகிற பொருளுக்குத்தான் அழகு என்று யாராவது வந்து எழுதுவதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட்டவள் நான். மார்கழி என்றால் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். பால்காரர் சைக்கிள் முதலில் ஏறும், அப்புறம் பள்ளிக்கூட வேன், பத்து மணிக்கு ஒன்றும் இருக்காது. 'நிலையாமையைக் கோலம் கற்பிக்கிறது' என்று எழுதுகிற ஒருவரும் இடுப்பு வலியோடு குனிந்து புள்ளி வைத்தவராக எனக்குத் தெரியவில்லை. அரிசி மாவில் போட்டால் எறும்புக்குச் சாப்பாடு என்பார்கள். நான் போட்டது பாதி நாள் கல்மாவு. எறும்பு முகர்ந்துகூடப் பார்க்காது.

இடுப்பு முடியாமல் போனதும் மகன் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிக் கொடுத்தான். நல்ல தாமரைக் கோலம், பதினெட்டுப் புள்ளி மாதிரி இருக்கும், அழியவே அழியாது. எனக்கு நிம்மதி, பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒன்று உறைத்தது. எதிர்வீட்டு அக்காவோடு பேசி எத்தனை நாளாச்சு? அவர் தெளிக்க வருவார், நான் குனிந்திருப்பேன். "என்ன, இன்னிக்கு சிக்குக் கோலமா? இழை ஒண்ணு விட்டுப்போச்சு பாரு." அவ்வளவுதான் பேச்சு. அந்த அக்கா கண்ணில் குறை படாத கோலம் நான் ஒன்றுகூடப் போட்டதில்லை. இப்போது எங்கள் வாசலில் குறையே இல்லாத கோலம் இருக்கிறது, அவர் எட்டிப்பார்ப்பதே இல்லை.

ஸ்டிக்கரை எடுத்துவிடவில்லை. இடுப்பு இடுப்புதான். வெள்ளிக்கிழமை மட்டும் அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று போடுகிறேன்.

ஓலைப்பெட்டி | புதன், இரவு 10.10

அக்கா, சிக்குக் கோலத்தின் இலக்கணத்தையே கணிதமாக்கினார்கள், தெரியுமா? 1970-களில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவர் கூட்டாளிகளும். பால்காரர் சைக்கிள் ஏறிய கோலம் கணினி அறிவியல் ஆய்விதழில் நிற்கிறது. அதற்கு எதிர்வீட்டு அக்கா குறை சொல்ல முடியாது.

நாகோயாத்தமிழன் | வியாழன், காலை 6.15

எனக்கு இங்கே ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் இசே. ஜப்பானின் மிக முக்கியமான ஷின்டோ கோயில் அங்கேதான். இருபது வருடத்துக்கு ஒருமுறை அதை முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே அதே அளவில் ஒரு காலி மனை உண்டு. புதுக் கோயிலை அதில் எழுப்பிச் சாமியை மாற்றிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். முதல்முறை 690-ல். 2013-ல் நடந்தது 62-வது முறை. அடுத்தது 2033.

நான் போனபோது அந்தக் காலி மனைதான் மனதில் நின்றது. கோயிலைச் சரியாகப் பார்க்கவே முடியாது, நாலு வேலி தாண்டிக் கூரை மட்டும் தெரியும். பக்கத்தில் கூழாங்கல் பரப்பிய வெறும் இடம், நடுவே சின்னதாக ஒரு மரக்குடில். அவ்வளவுதான்.

இருபது வருடம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இருபது வயதில் எடுபிடியாக வந்த தச்சன் நாற்பதில் பொறுப்பு எடுப்பான், அறுபதில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பான். கல்லில் கட்டி விட்டிருந்தால் கோயில் இருந்திருக்கும், கட்டத் தெரிந்தவன் இருந்திருக்க மாட்டான். பிரித்த மரமும் வீண் இல்லை. கூரையைத் தாங்கிய பெரிய தூண்கள் ஆற்றுப்பாலத்தின் இரண்டு முனையிலும் வாசல் வளைவாக இன்னும் இருபது வருடம் நிற்கும்.

சிமெண்டுக்கு என் ஓட்டு இல்லை.

மொட்டைக்கடுதாசி | வியாழன், காலை 8.02

ஜப்பான்காரனிடம் பணம் இருக்கிறது, செய்கிறான். எங்கள் ஊரில் ரேஷன் கடைக் கூரையையே இருபது வருடமாக மாற்றவில்லை.

நாகோயாத்தமிழன் | வியாழன், காலை 8.20

அவர்களுக்கும் எப்போதும் இருந்ததில்லை. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் நூறு வருடத்துக்கு மேல் கட்டாமலே விட்டிருக்கிறார்கள். அப்புறம் பிச்சையெடுக்காத குறையாகப் பணம் சேர்த்து மறுபடி தொடங்கினார்கள். உங்கள் ஊரின் ஒன்பது வருடம் ஒன்றும் பெரிதில்லை அண்ணே.

கலிங்கத்துச்செட்டி | வியாழன், பகல் 1.30

ஜப்பான் வரை போவானேன்? நான் புவனேஸ்வரத்தில் வங்கி வேலையில் இருந்தபோது 2015-ல் பூரியில் நவகளேபரம் நடந்தது. ஜகந்நாதருக்கு மர உடம்பு. ஆஷாட மாதம் இரண்டு வரும் வருடத்தில் அதை மாற்றுவார்கள். அதற்கு முன் 1996. குறித்த அடையாளங்கள் உள்ள வேப்பமரத்தைத் தேடிப் போய்க் கொண்டுவருகிறார்கள். ராத்திரியில், கண்ணைக் கட்டிக்கொண்டு, பழைய உடம்பிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் புதியதில் வைப்பார்கள். பழையதைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். தைதாபதி என்று ஒரு குடியினர், சொந்த வீட்டில் சாவு விழுந்தமாதிரி தீட்டுக் காக்கிறார்கள், தலை மழிக்கிறார்கள்.

சாமிக்கே சாவு உண்டு என்று ஒத்துக்கொண்ட ஊர் அது. குதிரைக்கு என்ன?

சூளைவீட்டுப் பையன் | வியாழன், இரவு 9.30

எல்லோரும் மண்ணுக்குப் பேசுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எனக்கு உள்ளே எரிச்சலாகவும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மண் மிதித்தே. இரண்டு மாத வேலை. ஊரில் கூலி பேசும்போது, "மண்ணுதானே வேளாரே, இவ்வளவு சொல்றீங்க?" என்பார்கள். இதே ஆட்கள் சிமெண்ட் மேஸ்திரி கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள், நானே பார்த்தேன். அழிகிற பொருள் என்றால் கூலியும் அழிகிற கூலிதானா? மண் அள்ளுவதற்கே முன்பெல்லாம் எத்தனை அலைச்சல், தெரியுமா? 2024-ல்தான் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள்.

இசே தச்சன் மகன் தச்சனாக நிற்கிறான் என்றால் அவனுக்கு அதில் சோறு இருக்கிறது, மரியாதை இருக்கிறது. எங்கள் தெருவில் சக்கரம் சுற்றுவது இரண்டே வீடு. நான் திரும்பிப் போக மாட்டேன். என்னைப் பார்த்து, 'ஐயோ, ஒரு கலை அழிகிறதே' என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். எனக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

ஆனாலும் ஒன்று. புரவி எடுப்பு அன்றைக்கு மட்டும் அந்தப் பெரிய ஊர் முழுக்க எங்கள் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். மேளத்தோடு வந்து, அப்பாவுக்கு வேட்டி துண்டு கொடுத்து, அவர் கண் திறந்துவிட்ட பிறகுதான் குதிரையைத் தோளில் ஏற்ற முடியும். சிமெண்டில் செய்துவிட்டால் அவர்கள் எங்கள் தெருவுக்கு வர வேண்டிய காரணமே இல்லை. குதிரை உடைவதால்தான் வருகிறார்கள். இதை அப்பா சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கோலப்பொடி | வியாழன், இரவு 9.52

வேளார் கேட்டதைக் கொடுக்கச் சொல்லுங்கள் கண்மாய்க்கரை அண்ணே, உங்கள் ஊரில். அதைச் செய்யாமல் வழக்கம் வழக்கம் என்றால் அடுத்தவன் முட்டியில் நாம் சாமி கும்பிடுகிறோம்.

கண்மாய்க்கரை | வெள்ளி, காலை 6.50

சூளைவீட்டுத் தம்பி எழுதியதைப் பெயர் இல்லாமல் ஊர்க் குழுவில் போட்டேன். அரை மணி நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் ஒருவர் 'குட்மார்னிங்' பூ படம் போட்டார். ஞாயிறு கூட்டத்துக்கு நேரில் போகிறேன்.

கண்மாய்க்கரை | மூன்றரை மாதம் கழித்து, திங்கள், இரவு 11.20

இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் தீர்மானம் என்று எதுவும் வரவில்லை. இந்த வருடம் மண், சிமெண்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அரண்மனைப் புரவி இரண்டு, நேர்த்திக்கடன் புரவி ஐந்து. கூலி விஷயத்தில் வழக்கம்போலப் பேரம் தொடங்கியது. ஆச்சரியமாக, இளைஞர் மன்றத்துப் பையன்தான் எழுந்து, "மேஸ்திரிக்குக் குடுக்கறதா சொன்ன ரேட்டை வேளாருக்கும் குடுங்க" என்றான். முழுதாகக் கொடுக்கவில்லை. போன தடவையைவிட இரண்டரை மடங்கு.

பிடிமண் கொடுக்க நானும் போனேன். எங்கள் வேளாருக்கு எழுபது வயது இருக்கும். மண்ணை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு, நல்லா இருங்க என்று மட்டும் சொன்னார். நடுவில் ஒரு மழை. ஒரு நேர்த்திக்கடன் புரவி சூளையில் வெடித்துவிட்டது. அவருடைய மருமகன் ராவும் பகலுமாகச் சின்னதாக ஒன்று செய்து ஈடுகட்டினார்.

எடுப்பு அன்று குதிரையைத் தூக்கும் மரவாரையில், வலது பின்பக்கம் நான். தூரத்தில் பார்க்கும்போது வெறும் கூடுதானே என்று நினைத்திருந்தேன். தோளில் தோல் உரிந்துவிட்டது. பஞ்சாயத்து அலுவலகம் தாண்டி கேபிள் டிவி வயர் தாழ்வாகத் தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு காது பட்டென்று போனது. ஊரே நின்றுவிட்டது, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அபசகுனம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். வேளார் கீழே கிடந்த காதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நடங்கப்பா, பொழுது இறங்குது" என்றார்.

கோயிலில் இறக்கி வைத்தபோது மகள் கூடவே இருந்தாள். பழைய குதிரைகளுக்குப் பக்கத்தில் புதியதை நிறுத்தினோம், வேப்பங்கன்று முளைத்ததற்கு அடுத்து. அது இப்போது கன்று இல்லை, என் தோள் உயரம். காதை ஒட்டச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது, "அடுத்த தடவை நான் வாரை பிடிக்கலாமா?" பெண் பிள்ளைகள் பிடிப்பதில்லை என்று பக்கத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அது அடுத்த சண்டை, தனி இழை போடுகிறேன்.

சூளைவீட்டுப் பையன் | திங்கள், இரவு 11.41

மருமகன் செய்தாரா? செய்கிற கை இன்னும் ஒன்று இருக்கிறது, அப்படியானால். அப்பாவிடம் சொல்கிறேன். அந்தக் காதை அவர் என்ன செய்தார்?

கண்மாய்க்கரை | திங்கள், இரவு 11.46

கேட்கவில்லை தம்பி. மடியில் இருந்தபடியே வீட்டுக்குப் போனார்.

பில்லர்மணி | செவ்வாய், காலை 7.05

அந்த மூன்று லட்சம் சிமெண்ட் எஸ்டிமேட் என்ன ஆச்சு?

கண்மாய்க்கரை | செவ்வாய், காலை 7.30

தலைவர் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது சார். தை மாதம் கூட்டம்.